கமிட்டிக்காரர்கள் நடப்பதில்லை

புற்றுநோய் நிதிக்காக நடத்தும் வாக்கத்தானுக்கு எத்தனையோ பேர் வருகிறார்கள். அதில் ஒரு சுற்றுகூட நடக்காமல் வீடு திரும்புகிற கூட்டம் ஒன்று உண்டு, அதுதான் ஏற்பாட்டுக் கமிட்டி. விடியும் முன்பே போய் மேசை போட்டு, கயிறு கட்டி, மைக் பேசுகிறதா என்று தட்டிப் பார்த்து, யாரோ தொலைத்த வண்டிச் சாவியைத் தேடிக் கொடுத்து, எல்லாம் முடிந்தபின் குப்பைப் பையோடு நிற்பவர்கள். சில வருஷங்களாக நானும் அதில் ஒருவன்.

குடும்பத்தில் யாருக்கோ நோய் வந்ததால்தான் சேர்ந்தேன் என்று சொன்னால் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் நடந்தது வேறு. கூட வேலை பார்க்கும் ஒருவர், "உங்களுக்கு எக்செல் நல்லா வரும் இல்ல?" என்று கேட்டார். வரும் என்றேன். அவ்வளவுதான். பெரியம்மாவுக்குக் கேன்சர் என்று தெரிந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்து. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கமிட்டிக்கு வர சோகக்கதை ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். தேவையே இல்லை. கணக்கு எழுதத் தெரிந்தவர், தயங்காமல் போன் எடுத்துப் பேசுபவர், சொன்ன நேரத்துக்கு வருபவர், இந்த மூன்று வகை ஆட்கள்தான் எந்தக் கமிட்டியிலும் எப்போதும் குறைச்சல்.

நிதி திரட்டுவதுதான் கமிட்டியின் வேலை என்று நினைத்துக்கொண்டுதான் புதியவர்கள் வருகிறார்கள். பெரும்பங்குப் பணம் கமிட்டி மூலமாக வருவதில்லை. நடக்கப் பெயர் கொடுத்தவர் தன் சித்தப்பாவிடமும், பழைய வகுப்புத் தோழியிடமும், எதிர்வீட்டுக்காரரிடமும் கூச்சத்தை விட்டுக் கேட்கிறாரே, அங்கே வருகிறது. கமிட்டிக்கு இருக்கிற முதல் வேலை என்று நான் நினைப்பது இது: சிகிச்சையில் இருக்கிற ஒருவர் அன்றைக்கு வரவேண்டும், முடிந்த அளவு நடக்கவேண்டும், முடியாதபோது உட்காரவேண்டும், யாருடைய கேமராவுக்கும் காட்சிப்பொருள் ஆகாமல் வீட்டுக்குப் போகவேண்டும். அவர் பெயரில்தானே இவ்வளவும் நடக்கிறது. ஆனால் கூட்டத்தில் கடைசியாகப் பேசப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் பேசப்படுவது டி-ஷர்ட்டின் நிறம். சிரிக்காதீர்கள், கமிட்டியில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு இளஞ்சிவப்பு, குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களுக்குத் தங்க நிறம், எல்லா வகைக்கும் சேர்த்து என்றால் லாவெண்டர் என்று, ஆதரவைக் காட்டச் சட்டையில் குத்திக்கொள்ளும் ரிப்பன்களுக்கு நிறங்கள் இருக்கின்றன. இந்த மூன்றை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கச் சண்டை போடலாம். நான் சேர்ந்த புதிதில் நடந்த ஒரு கூட்டத்தில் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நிறம் முடிந்து, பேனரில் யார் பெயர் மேலே என்று ஆரம்பித்தபோது, ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்த நர்ஸ் ஒருவர், எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான், ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கீமோ போட்டு பத்து நாள் ஆனவங்க வந்தா எங்க உட்காருவாங்க சார்?"

தலைவருக்கு, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பதில் தெரியவில்லை. எங்கள் யாருக்குமே தெரியவில்லை. நாற்காலி இருக்குமே என்று ஒருவர் சொன்னார். மேடைக்கு முன்னாலா, என்று கேட்டார் சிஸ்டர். அப்புறம் அவர் விளக்கியதை வைத்துத்தான் அந்த வருஷத் திட்டமே மாறியது.

பல கீமோ மருந்துகளில், மருந்து ஏறிய ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரைக்குள் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை அடிமட்டத்துக்குப் போகிறது. அந்த நாட்களில் உடம்புக்குச் சாதாரண கிருமியைக்கூட எதிர்க்கத் தெம்பு இருக்காது. 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால்கூட உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவரை நெரிசலான தொடக்கக் கோட்டில், இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் நிற்கிற கூட்டத்தின் நடுவில் போய் நிற்க வைப்பது நாம் அவருக்குச் செய்யும் மரியாதையா? அந்த நாட்களில் வராமல் இருப்பதே நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பார், சரி. ஆனாலும் வருவார்கள். வந்தே தீருவேன் என்று இருப்பவர்களைத் தடுக்க நாம் யார். ஆகவே தனியாக, காற்றோட்டமாக, நிழலாக ஓர் இடம். கூட்டம் கிளம்பியபின் தனியாகக் கிளம்ப ஒரு வழி.

நிழல் என்பது சும்மா இல்லை. சில மருந்துகளில் தோல் வெயிலுக்குச் சட்டென்று சிவந்து வெந்துபோகும். ஃப்ளோரோயுராசில் அப்படி ஒன்று. பாக்லிடாக்செல் போன்றவை பாதத்தின் நரம்புகளைப் பாதிக்கும், காலுக்குக் கீழே கல் இருக்கிறதா குழி இருக்கிறதா என்று தெரியாது, அதனால் அழகான மண்பாதையைவிட அசிங்கமான சமதளத் தார்ச்சாலை மேல். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய சில நாட்களுக்குக் குளிர்ச்சி ஆகாது, ஐஸ் தண்ணீர் ஒரு வாய் குடித்தால் தொண்டையை யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல் இருக்குமாம். நாங்களோ பெரிய பெரிய ஐஸ் பெட்டிகளுக்குச் சொல்லி வைத்திருந்தோம். சிஸ்டர் சொன்னபின் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் பாதி பாட்டில்கள் குளிரூட்டாமல் வைத்தோம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவரைப் பேச விட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவு செய்கிற மேசையில் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள் இல்லையா, அதிலும் விஷயம் இருக்கிறது. மார்பக அறுவை சிகிச்சையோடு அக்குளில் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கும் அபாயம் உண்டு. அந்தக் கையில் இறுக்கமாக எதையும் கட்ட வேண்டாம் என்று டாக்டர்கள் பொதுவாகச் சொல்லி அனுப்புவார்கள். மேசையில் நிற்கும் கல்லூரிப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? "எந்தக் கையில் கட்டட்டும்?" என்று எல்லோரையும் கேட்கச் சொன்னோம், காரணம் சொல்லவேண்டாம் என்றும் சொன்னோம். எல்லோரையும் கேட்டால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். கழிப்பறையும் அப்படித்தான். வயிற்றில் ஸ்டோமா பை, அதாவது அறுவை சிகிச்சையில் வயிற்றில் போட்ட துளை வழியாக வெளியேறும் கழிவைச் சேர்க்கும் பை, வைத்திருப்பவருக்குக் கதவில் ஒரு கொக்கி, உள்ளே ஒரு சின்னத் தட்டு, மூடியுள்ள குப்பைத் தொட்டி, கை கழுவ அங்கேயே தண்ணீர் இருந்தால் போதும், காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வரவேண்டியதில்லை. வாடகைக் கழிப்பறைக்காரரிடம் இதைக் கேட்டபோது அவர் எங்களை ஒரு மாதிரிதான் பார்த்தார், ஆனால் செய்து கொடுத்தார்.

அடுத்தது பாதை. இங்கே மல்லுக்கட்டு நடந்தது. படம் எடுத்தால் அழகாக வரும் ஓர் இடத்திலிருந்து இன்னொரு அழகான இடத்துக்கு நேர்கோடாகப் போக வேண்டும் என்பது விளம்பரம் பார்க்கிற தம்பியின் ஆசை. நேர்கோட்டுப் பாதையில் பாதி வழியில் முடியாமல் போனவர் மாட்டிக்கொள்வார். முன்னாலும் தூரம், பின்னாலும் தூரம், வண்டியை வரச்சொல்லி அதில் ஏற்றிக்கொண்டு போவதை எல்லோரும் பார்ப்பார்கள். சின்னச் சுற்றாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு சுற்று நடந்துவிட்டு நாற்காலிக்குப் போகலாம், தோன்றினால் இன்னொன்று. யார் எத்தனை சுற்று நடந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இது நாங்கள் கண்டுபிடித்த ஒன்றும் இல்லை. 1985 மே மாதம் அமெரிக்காவின் டகோமா நகரில் கார்டி கிளாட் என்ற பெருங்குடல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒரு விளையாட்டரங்கின் ஓடுபாதையில் இருபத்துநான்கு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தார், மொத்தம் 83 மைல். நண்பர்களும் அவரிடம் சிகிச்சை பெற்றவர்களும் ஆளுக்கு 25 டாலர் கொடுத்து அரைமணி நேரம் அவரோடு ஓடினார்கள், அல்லது நடந்தார்கள். திரண்டது 27,000 டாலர். அடுத்த வருஷம் குழு குழுவாகப் பிரிந்து மாறி மாறி நடக்க ஆரம்பித்தார்கள், அதுதான் இன்று பல நாடுகளில் நடக்கும் 'ரிலே ஃபார் லைஃப்'. எனக்கு அதில் பிடித்தது தூரமோ தொகையோ கிடையாது. அந்த அரைமணி நேரக் கணக்குதான். மாரத்தான் ஓடக்கூடியவரும், அறுவை சிகிச்சை முடிந்து மெல்ல நடப்பவரும் ஒரே தொகைக்கு ஒரே அரைமணி நேரத்தை வாங்கலாம். அந்த அரைமணியில் எவ்வளவு தூரம் என்பது அவரவர் பாடு. இந்தக் கதையைக் கூட்டத்தில் சொன்னேன், தம்பி கொஞ்சம் இறங்கி வந்தார். படம் எடுக்க வசதியாக ஓர் அலங்கார வளைவு மட்டும் கேட்டார், கொடுத்தோம்.

அந்தத் தம்பியோடு அடுத்த மோதல் வேறு ஒன்றுக்காக. நோயிலிருந்து மீண்டவர்களுக்கு மட்டும் வேறு நிறத்தில் டி-ஷர்ட், அவர்கள் முதலில் நடப்பார்கள், மற்றவர்கள் இருபுறமும் நின்று கைதட்டுவார்கள் என்று திட்டம். பல இடங்களில் செய்வதுதான், பலருக்கு அது பெரிய சந்தோஷமும்கூட. கமிட்டியில் சிகிச்சை பெற்றவர் ஒருவர்தான் இருந்தார், எங்கள் எல்லோருக்கும் அக்கா. அவர் மெதுவாகச் சொன்னார். "எனக்குக் கல்லீரலுக்குப் போயிடுச்சு தம்பி. மருந்து நிறுத்தவே முடியாது. நான் எந்த டி-ஷர்ட் போடுறது?"

நோய் வேறு உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நான்காம் நிலையில் வருஷக்கணக்காக மருந்தோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள், புதிய மருந்துகள் வர வர அந்த எண்ணிக்கை கூடிக்கொண்டுதான் போகிறது. அவர்களுக்குச் சிகிச்சை முடிந்த நாள் என்று ஒன்று வராது. கைதட்டி வரவேற்கும் வரிசையில் அவர்கள் எங்கே நிற்பது? இன்னொரு வகை, வீட்டில் சொந்தக்காரர்களுக்கே சொல்லாமல் சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்கள். ஒரு ரிப்பனைச் சட்டையில் குத்தினால் நாளைக்கு அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே டி-ஷர்ட், வேண்டுமென்றால் எடுத்துக் குத்திக்கொள்ள ஒரு கூடையில் ரிப்பன்கள் என்று முடிவானது. குத்திக்கொண்டவர் நோயாளியா, மகளா, சும்மா வந்தவரா என்று கேட்கக்கூடாது. முதல் சுற்றுக்குக் கைதட்டல் இருந்தது, யார் விரும்பினாலும் அதில் நடக்கலாம் என்று அறிவித்தோம். அக்கா நடந்தாரா என்றால், இல்லை, அவர் பதிவு மேசையில் படு மும்முரமாக இருந்தார்.

ஸ்பான்சர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். டெர்ரி ஃபாக்ஸ் என்ற கனடாக்காரப் பையன், எலும்புப் புற்றுநோயால் வலது கால் போனபின், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக்காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினான். 143 நாட்கள், 5,373 கிலோமீட்டர். நுரையீரலுக்குப் பரவிவிட்டதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஜூனில் இறந்தபோது வயது 22. அவன் ஓடிக்கொண்டிருந்தபோதே, தங்கள் பொருளுக்கு விளம்பரமாக அவனைப் பயன்படுத்த வந்த நிறுவனங்களுக்கு முடியாது என்று சொல்லிவிட்டான். 1981 செப்டம்பரில் தொடங்கி இன்றுவரை அவன் பெயரில் நடக்கும் ஓட்டத்தில் போட்டி கிடையாது, பரிசு கிடையாது, கம்பெனி முத்திரைகள் கிடையாது. எல்லோராலும் அப்படி இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். மேடைக்கும் கழிப்பறைக்கும் ஆம்புலன்சுக்கும் யாராவது பணம் தரத்தான் வேண்டும், அதை நன்கொடையிலிருந்து எடுப்பதைவிட ஸ்பான்சரிடம் வாங்குவது மேல். ஆனால் எங்கே கோடு போடுவது என்பதைப் பணம் வருவதற்கு முன்னால் எழுதி வைத்துவிட வேண்டும், வந்தபின் எழுதினால் கை நடுங்கும்.

எங்கள் கோடுகள் சாதாரணமானவை. புகையிலை, மது சம்பந்தப்பட்டது எதுவும் வேண்டாம். இதில் வாதமே இல்லை, இரண்டும் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எப்போதோ பட்டியலில் சேர்த்துவிட்டது. கேன்சர் குணமாகும் என்று எதையாவது விற்பவர்களுக்கு மேசை கிடையாது. இது சொல்லச் சுலபம், செய்யக் கஷ்டம். ஏனென்றால் அவர்கள்தான் தாராளமாகத் தருபவர்கள், இனிக்க இனிக்கப் பேசுபவர்கள், நோயாளிகளின் போன் நம்பர்கள் கிடைக்குமா என்று இரண்டாவது சந்திப்பிலேயே கேட்பவர்கள். ஒரு முறை அப்படிப் பொடி விற்கும் ஒருவர் பெரிய தொகையோடு வந்தார். தலைவர் கொஞ்சம் சபலப்பட்டார் என்றே நினைக்கிறேன். சிஸ்டர், கீமோவைப் பாதியில் நிறுத்திவிட்டு இந்த மாதிரிப் பொடிகளை நம்பிப் போய், நோய் முற்றியபின் திரும்பி வந்தவர்களைத் தான் வார்டில் பார்த்ததைச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை, பணத்தைத் திருப்பி அனுப்பினோம்.

மைக் பிடிப்பவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். உற்சாகமான குரல் வேண்டும் என்று ஒருவரைப் பிடிப்பார்கள், அவர் "மன உறுதி இருந்தால் கேன்சரை ஜெயித்துவிடலாம்!" என்று கத்துவார். போன வருஷம் மனைவியைப் பறிகொடுத்தவர் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். அந்த அம்மாவுக்கு மன உறுதி போதவில்லையா? ஆகையால் என்ன பேச வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுப்பது நல்லது. என்ன பேசக்கூடாது என்பதை அதற்கு மேலே கொட்டை எழுத்தில். பிரமுகர் உரைக்கு மூன்று நிமிஷம் என்று எழுதியிருப்போம். யாரும் கடைப்பிடிப்பதில்லை, அதற்கு என்னிடம் மருந்தும் இல்லை. உரையை முதல் சுற்றுக்குப் பிறகு வைத்தால், நிற்க முடியாதவர்கள் நின்று கேட்கவேண்டிய கொடுமையாவது மிஞ்சாது.

இனி என் இலாகா, கணக்கு. பதிவுக் கட்டணத்தை மட்டும் நம்பினால் அது டி-ஷர்ட்டுக்கும் தண்ணீருக்கும் சரியாகப் போய்விடும், ஆராய்ச்சிக்கோ சிகிச்சை உதவிக்கோ ஒன்றும் மிஞ்சாது. நடப்பவர்களுக்கு இணையத்தில் ஆளுக்கொரு நன்கொடைப் பக்கம் கொடுத்து, அவரவர் பேரில் நன்கொடை கேட்க வைப்பதில்தான் உயிர் இருக்கிறது. செலவுக்கு உச்சவரம்பு முதலிலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும். டி-ஷர்ட், மேடை, ஒலிபெருக்கி, இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த வசூலையும் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ரொக்கமாக வருவதை எப்போதும் இரண்டு பேர் சேர்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே வங்கியில் கட்டவேண்டும். எண்ணுகிற இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்கக்கூடாது. இதைச் சொன்னால் "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிப்பார்கள். நம்பிக்கை இருக்கிறது, அதனால்தான் நாளைக்கு யாரும் அவர்களைச் சந்தேகப்பட வழியில்லாமல் செய்கிறோம். "புற்றுநோய்க்காக" என்று மொட்டையாகப் பேனரில் போடுவதும் எனக்கு ஆகாது. எந்த அறக்கட்டளைக்கு, எந்த வேலைக்கு, செலவு போக எவ்வளவு என்று எழுதலாமே. கேட்பவர்கள் குறைவு, ஆனால் அந்த ஒருவர் கேட்கும்போது முழிக்கக்கூடாது.

அன்றைய நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, நல்ல ஏற்பாடு என்றால் அன்று சொல்ல ஒன்றும் இருக்காது. காவல்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் இரண்டு பேர் பையில் இருக்கட்டும். வருகிறேன் என்ற வாலண்டியர்களில் கணிசமானோர் வரமாட்டார்கள், அதைக் கணக்கில் வைத்துத்தான் பெயர் சேர்க்க வேண்டும். முதலாவதாக வருபவருக்கு எப்படியும் ஆள் கூடிவிடும். கடைசியாக நடந்து வருபவருக்குப் பின்னால் ஒருவர் நடக்கவேண்டும், அவரை அவசரப்படுத்தாமல், அவரோடு பேசியபடி, அவர் முடிக்கும்வரை வளைவையும் தண்ணீர் மேசையையும் பிரிக்கவிடாமல். இந்த வேலைக்கு நான் கேட்பது பொறுமைசாலியான, பேச்சுத்துணைக்கு ஏற்ற ஆளை. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் அருமையாகச் செய்கிறார்கள்.

மறுநாள் கமிட்டியின் வாட்ஸ்அப் குரூப்பில் படங்களாகக் கொட்டும், அதற்கு அடுத்த நாளோடு குரூப் செத்துப்போகும். எனக்கு வேலை தொடங்குவதே அப்போதுதான். ரசீது அனுப்பவேண்டும், வவுச்சர்களைக் கட்டவேண்டும், யாருக்கும் பொருந்தாத அளவில் மிஞ்சிய டி-ஷர்ட் மூட்டைகளை யார் வீட்டில் வைப்பது என்று முடிவு செய்யவேண்டும். தருகிறேன் என்று பெயர் எழுதிவிட்டு இன்னும் தராதவர்களின் பட்டியல் ஒன்று இருக்கும், ஒவ்வொருவருக்காகப் போன் போடவேண்டும். பாதிப் பேர் மறந்துதான் போயிருப்பார்கள், ஞாபகப்படுத்தினால் அப்போதே அனுப்பிவிடுவார்கள். மீதிப் பேர் "அடுத்த வாரம்" என்பார்கள். இந்த வருஷப் பட்டியலில் என் மைத்துனரும் இருக்கிறார், வாக்கத்தான் அன்று மைக் பிடித்து எல்லோரையும் தாராளமாகக் கொடுக்கச் சொன்னவர் அவர்தான்.